எட்டு முக்காடுகள்

உபதேசியார் சொன்னதைக் கேட்டதும் அன்னபாக்கியத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஜெலுத்தோங்கிலிருந்து சைக்கிள் மிதித்து, ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைச் சலவைத் துறைக்கு வந்த மனுஷன், நெடுநேரம் மென்று விழுங்கிவிட்டுத்தான் விஷயத்தைக் கக்கினார்.

"நாளைக்கு லேயாள் திடப்படுத்தலுக்கு வரவேணாம்னு பாதிரி ஐயர் சொல்லச் சொன்னார். அடுத்த தடவை பாத்துக்கலாமாம்."

"அடுத்த தடவையா? பிஷப் ஐயா சிங்கப்பூர்லேருந்து கப்பலேறி வர்றதே மூணு வருஷத்துக்கு ஒருக்கா. எம்பொண்ணு என்ன தப்பு பண்ணினா? ஞானோபதேசம் ஒப்பிக்கலையா?"

"அவதான் ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சா. அதில்ல அன்னபாக்கியம்..."

எது என்று அவளுக்குத் தெரியாதா? பிஷப் இரண்டு இரண்டு பேராக முழங்காலில் நிறுத்தி, ஆளுக்கொரு கையாகத் தலையில் வைத்து ஜெபிப்பார். மொத்தம் எட்டுப் பெண்கள். உயரப்படி வரிசை கட்டியதில் லேயாளுக்கு ஜோடியாக வந்தவள் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவின் மகள் பியூலா. வண்ணாத்தி மகளோடு என் மகள் தோளோடு தோள் உரசி முழங்கால் போடுவதா என்று கிராணியம்மா தாம்தூம் என்று குதித்திருக்கிறாள். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த குடும்பம் அது. ஐயர் வாயை மூடிக்கொண்டார்.

அட, வெட்கங்கெட்டவர்களா! போன ஞாயிற்றுக்கிழமைதானே ஐயர் பிரசங்கத்தில் உருகினார்? ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார் என்று இரண்டு தடவை சொன்னார். கிராணியம்மா கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைக்குட்டை, ஐயரின் அங்கி, ராப்போஜன மேசை விரிப்பு எல்லாம் அன்னபாக்கியம் கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, நீலம் முக்கிக் கொடுத்தவை. அவள் துவைத்த துணி கோயிலுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அவள் பெற்ற பிள்ளை போகக்கூடாது.

"எம்பொண்ணு வருவா. போய்ச் சொல்லுங்க" என்றாள்.

உபதேசியார் போன பிறகு, கொடியில் காய்ந்த எட்டு முக்காடுகளையும் எடுத்து இஸ்திரி போட்டாள். திடப்படுத்தலுக்கென்று ஒரே மல் துணியில் கிழித்துத் தைத்தவை. பார்வைக்கு எட்டும் ஒன்றுதான். வீடு மாறிப் போகாமலிருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டிருந்தாள். கிராணி வீட்டுக்கு மூன்று புள்ளி, தன் வீட்டுக்கு ஒரு கோடு. லேயாளின் முக்காட்டை மட்டும் இரண்டு தண்ணீர் அதிகமாக அலசியிருந்தாள். பெற்றவள்தானே.

மறுநாள் காலை கூடையோடு கோயிலின் பக்க அறைக்குப் போனாள். கிராணியம்மா முதல் ஆளாக வந்து கூடையைக் கிண்டி, எட்டில் எது வெள்ளை வெளேரென்று இருந்ததோ அதை உருவினாள்.

"அம்மா, அது உங்க வீட்டுது இல்ல. குறியைப் பாத்து..."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? சும்மா இருலா!"

அன்னபாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டாள். கிராணியம்மா அதைப் பியூலாவின் தலையில் போட்டு ஊசி குத்தினாள். கூடையில் கடைசியாக மிஞ்சியது மூன்று புள்ளி போட்டது. அதை அன்னபாக்கியம் லேயாளுக்குப் போட்டுவிட்டாள்.

ஆராதனையில் உபதேசியார் லேயாளைப் பின் வரிசையிலேயே உட்காரச் சொன்னார். பெண்கள் இரண்டு இரண்டாகப் போனார்கள், வந்தார்கள். கடைசியில் பியூலா தனியாக நடந்தாள். லேயாள் தலையைக் குனிந்துகொண்டாள், மடியில் கண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்ததும் அன்னபாக்கியத்துக்கு அடக்கி வைத்ததெல்லாம் அறுத்துக்கொண்டது. மகளின் கையைப் பிடித்து எழுப்பி, நட்டநடுப் பாதையில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கிராணியம்மா முன் வரிசையிலிருந்து எழுந்து மறித்தாள். "எங்கடி வர்றே? எம்மக பக்கத்துலயா?"

"பக்கத்துல என்னம்மா, தலைமேலயே இருக்கு! உங்க மக போட்டிருக்கிறது எம்மக முக்காடு. வெள்ளிக்கிழமை முழுக்க லேயாள் போட்டுப் போட்டுப் பாத்தது. ஓரத்தைத் திருப்பிப் பாருங்க, கோடு இருக்கும். உங்களுது இதோ இவ தலையில இருக்கு. மூணு புள்ளி."

கிராணியம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பாய்ந்து போய் ஓரத்தைத் திருப்பினாள். கோடு. ஊசி தெறிக்க முக்காட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பியூலா வெறுந்தலையோடு நின்றாள். முக்காடு இல்லாமல் எந்தப் பெண்ணும் அங்கே முழங்கால் போடக்கூடாது என்று மாதர் கூட்டத்தில் சட்டம் போட்டவளும் இதே கிராணியம்மாதான்.

பிஷப் புரியாமல் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஐயர் அங்கிக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அன்னபாக்கியம். "கீழ கிடக்கிறது எம்மகளோடது. உங்களுது எம்மக தலையில இருக்கு. எதைப் போடுவீங்க?"

கிராணியம்மா இரண்டு முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பியூலாதான் குனிந்தாள். தரையில் கிடந்த முக்காட்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இதுவே போதும்மா" என்றவள் முழங்கால் போட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "லேயா, வா."

பிஷப்பின் இரண்டு கைகளும் இரண்டு தலைகளின் மேல் இறங்கின. அன்னபாக்கியம் அங்கேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் ஐயர் அவளைப் பக்க அறைக்குக் கூப்பிட்டார்.

"தேவனுடைய வீட்டுல இப்படிச் சத்தம் போடலாமா? கிராணியம்மாகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு."

"கேக்கறேன் ஐயரே. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஆண்டவர் காலைக் கழுவித் துடைச்சாரே, அந்தத் துண்டை அப்புறம் யாரு துவைச்சது?"

ஐயர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்னபாக்கியம் கூடையை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அங்கியைக் கழட்டிப் போடுங்க. நாளைக்குத் துவைக்கணும்."