வலது கன்னத்துத் தழும்பு

காணாமல் போய் இரண்டு வருடமான லாரி டிரைவர் இலாரியோ லவரியேகா, பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இதயம் வலது பக்கத்தில் துடிக்க, வஹாக்கா நகரத்துக்குத் திரும்பி வந்தான். தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராகத் தன் தெருவுக்குள் நுழைந்து, தன் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த வீட்டின் கதவைத் தட்டி, "எர்லிந்தா, கதவத் தொற" என்றான்.

அது ஃபெலிசித்தாஸின் வீடு. அவள் மகன் எவாரிஸ்தோவும் காணாமல் போனவன்தான். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு டிரம்பெட் வாசிக்கப் போனவன், டிரம்பெட் மட்டும் திரும்பி வந்தது. அதனால் அந்த வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பது கருகும். அன்றும் கருகியது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து திறந்தாள். நிற்பவன் மகன் இல்லை என்று தெரிந்ததும் கதவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டி, "எதிர் வீடு, இலாரியோ" என்றாள். அவன் திரும்பினான். அவனிடமிருந்து அச்சு மை வாசனை அடித்தது.

அவன் மனைவி எர்லிந்தாவுக்கு அந்த வாசனை பழக்கமானது. மாஸ்டர் சிப்ரியானோவின் அச்சுப் பட்டறையில் அவள் மரக்கட்டை செதுக்குகிறவள். ஒவ்வொரு வருடமும், நவம்பரில் வரும் இறந்தவர்கள் நாளுக்கு முன்னால் பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு கட்டை செதுக்கி, அச்சடித்து, நகரத்துச் சுவர்களில் மைதாப் பசை தடவி ஒட்டுவது வழக்கம். போன வருடம் மாஸ்டர் கொடுத்த தலைப்பு, 'நான் யார்'. எந்த மண், எந்த ரத்தம், அதைக் கட்டையில் காட்டு என்றார். மற்றவர்கள் தொப்பி போட்ட எலும்புக்கூடு, தேன்சிட்டு, வௌவால் சாமி என்று இறங்கினார்கள். எர்லிந்தா ஒரு மக்காச்சோளச் செடியைச் செதுக்கினாள். மனிதர்களைச் சாமிகள் மக்காச்சோள மாவில் பிசைந்துதான் செய்தார்கள் என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செடியின் வேராகத் தன் இரட்டைச் சடையை இறக்கினாள். இலைகளின் ஓரத்தில் அம்மா ஊர் ரவிக்கையின் பூவேலையைக் கொண்டுவந்தாள். கதிர் இருக்க வேண்டிய இடத்தில் தோல் பிரிந்து, உள்ளே இலாரியோவின் முகம். கீழே ஒரு வரி: இவரைத் தேடுகிறோம்.

மாஸ்டர் பார்த்துவிட்டு, நீ யார் என்று கேட்டால் புருஷனைச் செதுக்கி வைத்திருக்கிறாயே என்றார்.

"யாருன்னு கேட்டீங்க, மாஸ்டர். தேடுறவ. அத விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

உண்மைதான். மெஸ்கால் சாராயம் காய்ச்சக் கத்தாழைக் கிழங்கு ஏற்றிப் போன லாரி, கடற்கரைக்குப் போகும் மலைப்பாதையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சீட்டில் அவன் தொப்பியோடு நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. இறந்தவர்கள் நாளில் படையல் மேசையில் அவன் போட்டோவை வைப்பதா, வேண்டாமா? வைத்தால் தன் கையாலேயே அவனைக் கொன்றதாகும். வைக்காமல் விட்டு, அவன் உண்மையிலேயே செத்திருந்தால், வாசல் வரை வந்து பசியோடு திரும்பிப் போவான். உயிரோ எலும்போ, ஏதாவது ஒன்று கைக்கு வந்தால்தான் பதில். அதுவரை போட்டோ அலமாரியில், துணிகளுக்கு நடுவே கிடந்தது.

தப்பு நடந்தது இங்கேதான். கட்டையில் எதைச் செதுக்கினாலும் தாளில் இடம் வலமாகத்தான் விழும். அதனால் பட்டறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும். போட்டோவை அதன் முன் வைத்து, கண்ணாடியில் தெரிகிற முகத்தைத்தான் செதுக்க வேண்டும். எர்லிந்தா அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் கண்ணாடியில் இலாரியோவின் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகமும் தெரிந்தது. அவன் போனதிலிருந்து அவள் பார்க்காமல் தள்ளிப்போட்ட முகம் அது. எழுந்து கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, போட்டோவை நேராகப் பார்த்தே செதுக்கி முடித்தாள். எழுத்துகளைக் கை பழக்கத்தில் திருப்பிப் போட்டது, முகத்தைத் திருப்பிப் போடவில்லை. முதல் தாளை உரித்து எடுத்தபோது, கத்தாழை முள் கிழித்த இடது கன்னத்துத் தழும்பு வலது கன்னத்துக்குப் போயிருந்தது. விடிந்தால் ஒட்ட வேண்டும். புதுக் கட்டைக்கு நேரமில்லை. எந்தக் கன்னம் என்று எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்றார் மாஸ்டர். நகரம் முழுக்க ஒட்டினார்கள். அச்சடித்து முடித்த கட்டையில் மூலைக்கு மூலை ஒரு கோடு கீறி, இனி யாரும் பிரதி எடுக்க முடியாதபடி செய்வது பட்டறை முறை. மாஸ்டர் அதையும் செய்து, கட்டையைப் பரணில் போட்டார்.

வந்தவன் தாளில் இருந்தவன்தான். இடது கையால் சாப்பிட்டான். குழாயை மூடுவதற்குப் பதில் எதிர்ப்பக்கம் திருகி உடைத்தான். செய்தித்தாளைக் கண்ணாடியில் காட்டித்தான் படித்தான். வீட்டு நாய் அவனைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை, போய்ப் படுத்துக்கொண்டது. மற்றபடி அவன் இலாரியோதான். அதே கொட்டாவி. தொட்டால் அதே சூடு. முதல் சண்டையில் எர்லிந்தா என்ன திட்டினாள் என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவள் அவன் நெஞ்சில் காது வைத்துப் படுத்தாள், சத்தம் கேட்கவில்லை. மறுபக்கம் மாறிப் படுத்தாள். கேட்டது. சரி, பக்கம்தானே என்று கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள்.

பிறகு கேட்டாள். மலைப்பாதையில் லாரியை நிறுத்தியது யார்? எங்கே கொண்டுபோனார்கள்?

லாரியில் ஏறினது ஞாபகம் இருக்கிறது, நீ டப்பாவில் கட்டிக் கொடுத்த தமாலேகூட ஞாபகம் இருக்கிறது, அதுக்கு அப்புறம் வெறும் வெள்ளை என்றான்.

"வெள்ளைன்னா?"

"தாள் மாதிரி. நீ செதுக்கினது வரைக்கும்தான் எனக்குத் தெரியும், எர்லிந்தா. உனக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்துபோனது. வந்திருப்பவன் வேறு. தழும்பு இடது கன்னத்தில் இருக்கிறவன் இன்னும் அந்த மலைப்பக்கம் எங்கேயோ இருக்கிறான், நின்றுகொண்டோ, மண்ணுக்கு அடியிலோ.

அடுத்த வாரம் அரசாங்கத் தேடல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. இலாரியோ லவரியேகா கிடைத்துவிட்டதால் தேடுதல் நிறுத்தப்படுகிறது என்று சொல்லி, வாழ்த்தும் சொன்னார்கள். எர்லிந்தா அவனைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாள். படத்தோடு அந்த அலுவலக அதிகாரி பெனித்தெஸின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் வந்தவனும் உட்கார்ந்திருந்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் விஷயம் இல்லாதது போல. என் புருஷனுக்கு இதயம் இடப்பக்கம், இவருக்கு வலப்பக்கம், இவர் வேற ஆள், அவரைத் தேடுங்கள் என்றாள்.

பெனித்தெஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதை அப்படியே திருப்பிப் பிடித்தார்.

"இப்ப பாருங்கம்மா. எடது பக்கம் வந்துருச்சு."

"போட்டோவுல தழும்பு எடது கன்னத்துல இருக்கு, ஐயா."

"போட்டோவத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருப்பான். ஊர் முழுக்க நீங்களே ஒட்டினீங்களே போஸ்டர், அதுல எந்தக் கன்னம்?"

பெனித்தெஸ் ஜன்னலைக் காட்டினார். எதிர்ச் சுவரிலேயே ஒன்று ஒட்டியிருந்தது.

"வலது. கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாதா புருஷன் மூஞ்சி? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இங்க வர்றவங்க பாதிப் பேருக்கு ஒரு எலும்புகூடக் கெடைக்கல. உங்களுக்கு முழு ஆளே கெடைச்சிருக்கான்."

படியில் இறங்கும்போது வந்தவன் மெதுவாகச் சொன்னான், "நான் வந்திருக்கக் கூடாது, இல்ல?" அவள் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவனுக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தேடியது அவர்கள் இரண்டு பேரும்தான். எர்லிந்தா கண்ணாடி வைத்து, தன் முகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே, புதுக் கட்டை செதுக்கினாள். இந்த முறை தாளில் தழும்பு சரியாக இடது கன்னத்தில் விழுந்தது. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் கூட நடந்தான். சுவரில் தன் முகத்தைத் தானே ஒட்டினான். சரியாக அச்சான தாள்கள் அடுத்த மழைக்கே உரிந்து விழுந்தன. தப்பாக அச்சானவை கல்லில் ஊறின மாதிரி நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் இரும்புக் கம்பியோடு மலைப்பக்கம் போவார்கள். மண்ணில் குத்தி, உருவி, பிணவாடை வருகிறதா என்று நுனியை மோந்து பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவனும் போனான். தன் எலும்பைத் தானே தேடுகிற ஆண் பிள்ளை என்று முதலில் கொஞ்சம் பேசினார்கள். பிறகு பாறை வருகிற இடங்களில் கம்பியை அவன் கையில் கொடுத்தார்கள். இடது கையாக இருந்தாலும் அவனுக்குப் பலம் அதிகம்.

ஒருநாள் ஃபெலிசித்தாஸ் மகனின் போட்டோவைக் கொண்டுவந்து எர்லிந்தாவின் மேசையில் வைத்தாள். கண்ணாடியைத் தானே போய்ச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"தப்பாவே செதுக்கிக் குடு."

அப்படி வருகிறவன் எவாரிஸ்தோ இல்லை, வந்ததும் தேடுவதையும் நிறுத்திவிடுவார்கள் என்று எர்லிந்தா எடுத்துச் சொன்னாள்.

"நிறுத்தட்டும்டி. இப்ப மட்டும் என்னத்தத் தேடிக் கிழிக்கிறானுங்க? நெஞ்சு எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்ன? தட்டுல போட்டா சாப்பிடுவான்ல? உன் வீட்டுல சாப்பிடுறான்ல? அது போதும் எனக்கு."

எர்லிந்தா செதுக்கிக் கொடுத்தாள். டிரம்பெட், அதன் வாயிலிருந்து விரிகிற செண்டுமல்லி, நடுவில் எவாரிஸ்தோ, எல்லாம் இடம் வலமாக. நகரம் முழுக்க ஒட்டினார்கள். யாரும் வரவில்லை. தெரிந்தே செய்த தப்பு வேலைக்கு ஆகவில்லை என்பதை அவர்கள் புரிந்துகொள்ள ஒரு மழைக்காலம் ஆனது. அதன் பிறகு ஃபெலிசித்தாஸ் எர்லிந்தாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் கதவு தட்டினால் ஓடிவருவதை மட்டும் அவளால் குறைக்க முடியவில்லை.

வருடங்கள் போயின. தேடல் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. பெனித்தெஸ் ஓய்வு பெற்றார். நாய் செத்தது. சுவர்களில் இருந்த பழைய போஸ்டர்கள் வெயிலில் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாயின. வந்தவனும் அதே அளவுக்கு வெளுத்தான். முதலில் சட்டைதான் வெளுக்கிறது என்று நினைத்தாள். பிறகு தலைமுடி, புருவம், தழும்பு. மதிய வெயிலில் அவன் நின்றால் பின்னால் இருக்கிற சுவரின் செங்கல் மங்கலாகத் தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். மலைக்குப் போனால் கம்பி கையில் நிற்கவில்லை, அது மட்டும்தான் கஷ்டமாக இருக்கிறது என்றான்.

எர்லிந்தா பட்டறைக்கு ஓடி, பரணில் கிடந்த பழைய கட்டையை இறக்கினாள். மை உருட்டி இன்னும் நாலு தாள் எடுத்தால் போதும் என்பது அவள் கணக்கு; கட்டையில் கோடு கீறியது அந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தது. தூசியைத் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தாள்: தாளில் வந்தவன் வேறு, கட்டையில் இருப்பவன் வேறு. நேராகப் பார்த்துச் செதுக்கிய முகம் அது. தழும்பு இடது கன்னத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இத்தனை வருடமாக அவளுடைய இலாரியோ பட்டறைப் பரணில்தான் கிடந்திருக்கிறான். நெற்றியிலிருந்து தாடை வரை, முகத்தின் குறுக்கே, மாஸ்டர் உளியால் இழுத்த கோடு ஓடியது.

"இது பட்டறை முறைதானேம்மா" என்றார் மாஸ்டர். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. அந்தக் கோடு மலைப்பக்கம் இருந்தவனையும் வெட்டியிருக்குமோ என்று தோன்றியது, ஆனாலும் அதைப் போட்டது எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. மை உருளையைக் கையில் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்து, கீழே வைத்தாள். அந்தக் கோட்டோடு அச்சடித்தால் பஸ்ஸிலிருந்து எது இறங்கி வரும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டையைச் சால்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அலமாரியில், போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பஸ் நிலையத்துச் சுவரில் இருந்த கடைசிப் போஸ்டர் முழுக்க வெள்ளையான அன்று, வந்தவன் சாப்பாட்டு மேசையில் இருந்தான், அப்புறம் இல்லை. சட்டை நாற்காலியின் முதுகில் கிடந்தது. கைப்பிடியை இடது பக்கம் பார்த்து வைத்த காப்பிக் கோப்பை இன்னும் சூடாக இருந்தது.

இப்போது அந்த வீட்டில் படையல் மேசையில் வைக்க ஓர் ஆள் உண்டு. எர்லிந்தா பஸ் நிலையத்துச் சுவரிலிருந்து அந்த வெள்ளைத் தாளைக் கிழியாமல் உரித்து வந்து, சட்டம் போட்டு, மேசையின் நடுவில் வைத்தாள். முன்னால் மோலே குழம்பும் மெஸ்காலும் வைத்தாள். யார் படம் இது என்று யாரும் கேட்கவில்லை. அலமாரியில் இருக்கிறவனை மட்டும் அவள் இன்னும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. அவனுக்காக வாசல் தாழ்ப்பாளைப் போடாமல் விடுகிறாள், தினமும் விடுகிற மாதிரி.

செத்தவர்களுக்கு வழி தெரிய, தெருவிலிருந்து படையல் வரை செண்டுமல்லி இதழைப் பாதையாகத் தூவுவார்கள். எர்லிந்தாவும் தூவுகிறாள். ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும், அந்தி மசங்குகிற நேரத்தில், எதிர்வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. யார் தட்டுகிறார்கள் என்பது ஃபெலிசித்தாஸுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அடுப்பில் இருப்பதைக் கருக விட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவருகிறாள். திறந்தால் வாசலில் ஆள் இல்லை, அச்சு மை வாசனை மட்டும் நிற்கிறது. அவள் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொள்கிறாள்.

"எதிர் வீடு, இலாரியோ" என்கிறாள்.