வாப்பா கேட்ட வீடியோ

நடுவர் பத்து வரை எண்ணியும் வாப்பா எழும்பவில்லை. குத்துச்சண்டை மேடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கத்தியது அவருக்குக் கேட்கவேயில்லை.

"முஹ்ஸின் கிழவனுக்குப் பாயப் போடுங்கடா!" என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

வாப்பா பத்து வருடம் நாட்டின் குத்துச்சண்டைச் சம்பியனாக இருந்தவர். அவர் வென்ற காலத்தில் கல்முனையில் எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் வீடியோ எடுக்கும் போன் இருக்கவில்லை. இப்போது நாற்பத்திரண்டு வயதில் தோற்ற மூன்று சண்டைகளும் எல்லார் போனிலும் இருக்கின்றன. என்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் விழுகிற மனிதர் மட்டும்தான்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் தோளில் சாய்ந்தபடி வாப்பா கேட்டார்.

"மகள், எத்தினையாம் றவுண்டில நான் அவன விழுத்தின?"

"கதைக்காதீங்க வாப்பா, டொக்டர்ட்டப் போறம்."

"அது கெடக்கட்டும். உன்ட போனில எடுத்திருப்பாய்தானே? காட்டு பாப்பம்."

ஓம், எடுத்திருந்தேன். ஒரு வெற்றியாவது போனில் இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். அதிலும் அவர் விழுகிறார்.

வீங்கிய உதட்டால் சிரித்துக்கொண்டு கையை நீட்டியபடியே இருக்கிறார். யா அல்லாஹ், நான் அவருக்கு எதைக் காட்டுவது?