சிடுமூஞ்சியைத் தாண்டி

பூட்டுக்குள் சாவியை மறுபடியும் திருப்பிப் பார்த்தார் உதவியாளர். குகைவாயில் கம்பிக்கதவு அசைவேனா என்றது.

"அண்ணன் கைக்குத்தான் இது திறக்கும் அண்ணி. எங்களக் கண்டா முறுக்கிக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்; வரவில்லை. நெஞ்சுவலியில் போன கணவனைக் காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்க, அந்தக் குகையை ஒரு தடவை பார்க்கணும் என்று மட்டும் கேட்டாள். அவனிடம் வேலை பார்த்த உதவியாளர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தார்.

அரசாங்கக் காட்டிலிருந்த இந்தக் குகைக்கு அவன்தான் காவல். ஊர்ந்து ஊர்ந்து போய் வரைபடம் போட்டவனும் அவன்தான். ஓர் இடத்துக்குள் முதலில் நுழைகிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது குகை அளக்கிறவர்கள் வழக்கம். கெஞ்சிக் கூத்தாடித்தான் நுழைய முடியும் என்றிருந்த ஓர் இடுக்குக்குச் 'சிடுமூஞ்சி' என்று வைத்துவிட்டான். வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். ஆபீஸ் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அச்சிலேயே இருக்கிறது.

"மானத்த வாங்கிட்டீங்களே" என்று சண்டை போட்டாள்.

"அதத் தாண்டினாத்தான்டி அரண்மனை" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்கு இடுக்குக்கு அப்பாலிருந்த அந்தப் பெரிய கூடத்தைப் பார்க்க ஆசை. எப்போது கேட்டாலும், "பொண்டாட்டின்னா சட்டம் வளைஞ்சிருமா? அனுமதி வரட்டும்" என்பான். அனுமதி வந்தபாடில்லை.

பூட்டு திறந்துகொண்டது. உள்ளே கீச்கீச்சென்று ஏதோ கேட்டது.

"என்ன அது?"

"வௌவால் குட்டிங்க. சிடுமூஞ்சிக்கு மேலதான் தொங்கும். வெளிச்சம் பட்டா தாயெல்லாம் பதறிப் பறக்கும், குட்டிங்க கீழ விழுந்துரும். அதான் இப்ப யாரையும்..." நிறுத்திக்கொண்டார். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம் அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் நீட்டிய தலைவிளக்கு அவனுடையது. பட்டை அவன் தலை அளவுக்கே இறுக்கியிருந்தது. உள்ளே போக அவளுக்கு அத்தனை ஆசையாக இருந்தது, அழுகை வந்துவிடும்போல.

"அவரு இருந்தா விடுவாரா?"

விளக்கை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"பூட்டிடுங்க தம்பி."

பூட்டிய கம்பிகளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். வெயிலில் வெந்த முகத்தில் உள்ளிருந்து குளிர்ந்த காற்று பட்டது. ஈரமண்ணும் கல்லும் கலந்த வாடை. சாயங்காலமானால் அவன் சட்டையோடு வீட்டுக்குள் வருகிற வாடை. "மொதல்ல போய்க் குளிங்க" என்று வாசலிலேயே துரத்துவாள்.

உதவியாளர் மெல்லக் கனைத்தார்.

"போலாமா அண்ணி?"

"கொஞ்சம் இருங்க தம்பி. இப்பத்தான் வந்திருக்காரு."