இடது கை விளக்கு

லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம் முனகி அடங்கியது. அவன் லென்ஸைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபிரேமில் பொருத்தினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான். வெள்ளிக்கிழமை மதியம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவன் திறப்பது அந்தக் கதையைத்தான். வாரம் ஒரு அத்தியாயம் வரும். எழுதுகிறவர் பெயர் ‘உப்புக்காற்று’ என்று போட்டிருக்கும். அது யார் என்று அவனுக்குத் தெரியும். படிப்பவன் யார் என்று உப்புக்காற்றுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் கதை நின்றுவிடும் என்று அவன் பயந்தான். பிரிந்து போன மனைவியிடமிருந்து அவனுக்கு மிச்சமிருந்தது இந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

கதையில் இரண்டு பேர். ஒருவன் விளக்குக்காரன். வெயில் புகாத ஒரு மலைக்குள் அடுக்கடுக்காக ஊர்கள் இருக்க, ஊருக்கு ஊர் ஆட்களுக்கு வழிகாட்டிக்கொண்டு போகும் பையன். சுமப்பவன் பொய் சொன்னால் மட்டுமே அணையும் விளக்கு அவனுடையது. இன்னொருத்தி தீவு மேய்ப்பவள். கடலில் மிதந்து அலையும் தீவுகளைச் சீழ்க்கையடித்துக் கூட்டி, தண்ணீர்மேல் முன்னால் நடந்து ஓட்டிப் போகிறவள். இரண்டு பேரும் வேறு வேறு புத்தகங்களைச் சேர்ந்தவர்கள். பாகம் பாகமாக வந்த சிறுவர் கதைகள் அவை; எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். விளக்குக்காரன் அவனுடைய சின்ன வயதுப் புத்தகம். தீவு மேய்ப்பவள் மனைவியுடையது.

ஒரு புத்தகத்து ஆளை இன்னொரு புத்தகத்துக்குள் கூட்டிவந்து இப்படி எழுதுவதற்கென்றே இணையத்தில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெட்டி வேலை. ஆனால் பத்து வயதில் ஒரு புத்தகத்துக்குள் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், கடைசிப் பக்கம் முடிந்தால் வீட்டுக்காரர் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைத்த மாதிரி இருக்கும். அதற்காவது திரும்பத் திரும்பப் படிப்பது என்று ஒரு மருந்து உண்டு. இன்னொரு குறைக்குத்தான் மருந்தே கிடையாது. நமக்கு உயிரான இரண்டு பேர் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாது. அவர்களை யாராவது சேர்த்துவைத்தால் தேவலை என்று இருக்கும். சேர்த்துவைத்துவிட்டால், ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவனும் அவளும் கல்யாணமான புதிதில் அதைத்தான் செய்தார்கள், பாத்திரம் கழுவும்போது. அவள் தேய்ப்பாள், அவன் துடைப்பான். மலைக்குள் ஒரு சுவர் இடிந்து, அந்தப் பக்கம் கடல் தெரிந்தது என்று ஆரம்பித்தவள் அவள்தான். அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வியே, “தீவ எதுக்கு மேய்க்கணும்? புல்லா தின்னுது?” என்பது. அவள் சிரித்துச் சிரித்து ஒரு டம்ளரைக் கை நழுவவிட்டாள். பல வருஷம் கழித்து இணையத்தில் இரண்டு புத்தகங்களின் பெயரையும் சேர்த்துத் தேடியபோது, உப்புக்காற்றின் முதல் அத்தியாயத்தில் விளக்குக்காரன் அதே கேள்வியைக் கேட்டான். வேறு யார் எழுதியிருக்க முடியும்?

பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. குடி இல்லை, அடி இல்லை, வேறொருத்தி இல்லை. அவன் திருத்துவான், அவ்வளவுதான். அவள் பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்ததைச் சொன்னால், அது செவ்வாய் இல்லை, புதன் என்பான். அவள் பாடினால் வரி தப்பு என்பான். கோபமே இருக்காது, ஃபிரேம் கோணலாக இருந்தால் நிமிர்த்துகிற மாதிரி, கை தானாகப் போகும். ஒரு நாள் அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “உங்ககிட்ட ஒரு விஷயத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள அது என் விஷயமே இல்லாம போயிடுதுங்க” என்றாள். சத்தமே போடவில்லை. அவன் அப்போதும், அப்படிச் சொல்லக் கூடாது, இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம் என்று சொல்ல வேண்டும் என்றான்.

அவள் பையோடு கிளம்பிய காலையில் அவன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தெருமுனைவரை போனவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதைத்தான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவன் சாட்சியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுடைய அக்கா மட்டும் தொலைபேசியில் சும்மா விடவில்லை.

“திரும்பிக்கூட பாக்கல அக்கா. அவ்ளோ வருஷம் ஒண்ணா இருந்துட்டு.”

“பாத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப? எத்தன மணிக்குப் பாத்தான்னு திருத்தியிருப்ப.”

இந்த வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில் இரண்டு பேரும் மலையின் வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவன் ரசித்துப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் இடறி நின்றான். ‘விளக்குக்காரன் வலது கையில் விளக்கை உயர்த்தினான்.’ இதுவரை எந்தக் கை என்று அவள் எழுதியதில்லை. வலது கையா? விளக்குக்காரன் இடக்கைப் பழக்கக்காரன் ஆயிற்றே!

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள அவனால் முடியாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இரண்டு பெயர். கண்ணாடிக்காகச் சோடாப்புட்டி, கைக்காக நொட்டாங்கை. இடது கையில் பென்சில் பிடித்ததற்கு ஸ்கேலால் முட்டியில் அடி வாங்கியிருக்கிறான். அந்த வருஷம்தான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. அட்டையில் ஒரு பையன் இருட்டுக்கு நடுவில் இடது கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மலையே அந்தக் கையை நம்பி நடந்தது. இதை அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான், அந்தப் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்று. அப்போது கையை நனைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது மறந்துவிட்டாள்.

விரல் சும்மா இருக்கவில்லை. பயத்தையெல்லாம் மறந்து, ‘ஒரு வாசகன்’ என்ற பெயரில் கீழே எழுதிவிட்டான்: ‘விளக்கு இருப்பது வலது கையில் அல்ல, இடது கையில். முதல் பாகத்தின் அட்டையைப் பார்த்தாலே தெரியும்.’

சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவி வருவதற்குள் பதில் வந்திருந்தது.

‘அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன். அவன் நமக்கு எதிரே, நம்மைப் பார்த்து நிற்கிறான். இடது கை என்பது எங்கள் வீட்டில் மட்டும் இருந்த வழக்கம்.’

அவன் உட்கார்ந்துவிட்டான். மேசைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. வேலைக்கு வரும் புது ஆட்களுக்காக அவனே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியது: ‘எதிரே இருப்பவர் வலது, உன் இடது.’ இருபது வருஷமாக ஒரு ஆளின் வலது கண்ணுக்கான லென்ஸை அவன் இடது கண்ணில் மாட்டியதில்லை. முன்னால் கல்லாவிலிருந்த முதலாளியம்மா எட்டிப் பார்த்து, “என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். “ஒண்ணும் இல்லம்மா” என்றான். கையில் அந்த விளக்கு இருந்திருந்தால் அணைந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை எடுத்தான். அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, கடைக்கு வருகிறவர்களைப் பார்ப்பதுபோல் அந்தப் பையனைப் பார்த்தான். வலது கைதான். எத்தனை தடவை பார்த்த அட்டை! உள்ளே புரட்டினான். முக்கால்வாசி இடங்களில் ‘விளக்கேந்திய கை’ என்றுதான் இருந்தது. நடுவில் ஒரு பக்கம் தானாக விரிந்து நின்றது. அங்கே அவளுடைய கறுப்பு ஹேர்பின் ஒன்று செருகியிருந்தது. ‘விளக்கின் சூட்டில் வலது கை கொப்பளித்தது’ என்ற வரி அந்தப் பக்கத்தில் இருந்தது. சின்ன வயதில் அந்த வரியை எப்படித்தான் தாண்டிப் போனானோ.

அப்படியானால் அவள் இதைப் படித்திருக்கிறாள். அவனோடு கதை சொல்வதற்காகவே, அவனுக்குத் தெரியாமல் முதல் பாகம் முழுக்கப் படித்திருக்கிறாள். இந்தப் பக்கத்துக்கு வந்து, பின்னைச் செருகி, மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். அதன் பிறகு எத்தனை நாள், எத்தனை தட்டு, எத்தனை முறை ‘இடது கையில் விளக்கோடு’ என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்லில் அவனைத் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. அவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கம் போன பின்பும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தீவு மேய்ப்பவளின் புத்தகத்தை அவன் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவள் சொன்னதைக் கேட்டதோடு சரி. அதையும் பாதி கேட்டதோடு சரி.

மறுநாள் நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போய்க் குட்டை நாற்காலிகளுக்கு நடுவில் குனிந்து தேடினான். நூலகர் முத்திரை குத்திக்கொண்டே, “பிள்ளைக்கா சார்?” என்று கேட்டார். “இல்லங்க, எனக்குத்தான்” என்றான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. தீவு மேய்ப்பவள் திரும்பிப் பார்க்கவே கூடாது. தீவுகள் அவள் முதுகைப் பார்த்துத்தான் பின்தொடரும். முகம் தெரிந்தால், போய்ச் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் போய்விடும். பிறகு சேர்க்கவே முடியாது. அதனால் அம்மாவைப் பிரியும்போதுகூட அவள் திரும்பாமல் நடக்கிறாள். கன்னமெல்லாம் உப்பாக, முன்னால் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். கூட்டத்தின் கடைசியில் ஒரு குட்டித் தீவு மட்டும் எப்போதும் பின்தங்கி வரும். அதற்காகவும் திரும்ப மாட்டாள், சீழ்க்கையை மட்டும் இன்னொரு முறை அடிப்பாள். மனைவி இதையெல்லாம் அவனிடம் சொல்லத்தான் செய்திருப்பாள். அந்த நேரத்தில் அவன் புல்லைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான். அவன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் மாடியிலிருந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தியாயம் வராது என்றுதான் நினைத்தான். வந்திருந்தது. முன்னால் ஒருவர் புதுக் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். “ரெண்டு நிமிஷம்மா” என்று முதலாளியம்மாவிடம் குரல் கொடுத்துவிட்டுப் படித்தான்.

மலை வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். வெளியே விடியாத கடல். விளக்குக்காரன் விளக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். ஏன் என்று எழுதவில்லை. அவள் சீழ்க்கையடித்தாள், தீவுகள் எழுந்து பின்னால் வந்தன. அவள் தண்ணீரில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். ‘எனக்கு ஒன்றும் இல்லை, நீ போ’ என்று விளக்குக்காரன் சொன்னான். விளக்கு அணைந்தது.

தன் காலடியில் விழுந்திருந்த வெளிச்சம் காணாமல் போனதும் அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சில வரிகள்தான், அத்தியாயம் முடிந்துவிட்டது. முற்றும் என்றும் இல்லை, தொடரும் என்றும் இல்லை. கீழே முதல் ஆளாக யாரோ எழுதியிருந்தார்: ‘பெரிய தவறு. மூலத்தில் அவள் எந்தப் பாகத்திலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். தயவுசெய்து திருத்தவும்.’ அவன் அதற்குக் கீழே, ‘தவறு இல்லை’ என்று எழுதினான். பிறகு, அதைச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. அழித்தான்.

“அவரு பஸ்ஸுக்குப் போகணுமாம்ப்பா” என்றார் முதலாளியம்மா. அவன் தலையாட்டிவிட்டு, கடைசி வரிகளுக்கு இன்னொரு முறை போனான். அங்கே தீவுகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டன. முதலில் பெரிய தீவு மெல்ல நகர்ந்தது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பக்கமாக. குட்டித் தீவு மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அணைந்த விளக்குக்கும் அவளுக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.