லோவெல் வேண்டாம் என்ற கவுண்டி

ஒஹாயோவில் எங்கள் மகள் டெல்ஃபின் வசிக்கும் கவுண்டி, அந்த மாவட்டமே, சரிப்படாது என்று என் கணவர் லோவெல் முன்னமே முடிவு கட்டியிருந்தார். போன குளிர்காலத்துப் பனிப்புயலில் மின்சாரம் போய், நகரத்து அடுக்குமாடி வீட்டில் ஒரு வாரம் நடுங்கிக் கிடந்தோம். அதிலிருந்தே கிணறு, கோழி, விறகடுப்பு என்று சொந்தக் கையால் பிழைக்க ஓர் இடம் தேடினோம். அவர் மனம் மேற்கு வர்ஜீனியாவில், சுற்றிலும் ஆளே இல்லாத ஒரு மலைச்சரிவில் இருந்தது. எனக்கோ மகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் நச்சரிப்புக்காகத்தான் அந்த மே மாதம் இங்கே வீடு பார்க்க வந்தார். எதிலும் குறை சொன்னார். மண் நல்ல மண், ஆனால் மனை சிறிசு. கோழி வளர்க்கலாம், சேவல் கூடாதாம். எல்லாவற்றையும்விட வீடுகளின் நெருக்கம்தான் அவரைப் பயமுறுத்தியது.

"கடை மூணு நாள் மூடிக் கெடந்தா போதும், கோரின். இவங்க அத்தனை பேரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. யாருக்குன்னு குடுப்ப?" என்றார்.

கடைசியாகப் பார்க்கவிருந்த வீட்டின் கொல்லையில், தரகருக்காகக் காத்து நின்றபோது அபாயச் சங்கு ஊதியது. மேற்கே வானம் பச்சையாகக் கறுத்திருந்தது. வீடோ பூட்டிக் கிடந்தது. சுழற்காற்றில் காருக்குள் உட்கார்ந்திருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. லோவெல் என்னை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண் திறந்தாள். வெர்னா ஸ்டக்கி என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. நீங்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"கீழ எறங்குங்க. படி செங்குத்தா இருக்கும், பாத்து."

நிலவறையில் ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் இருந்தன. சுவரெல்லாம் தக்காளியும் பீச் பழமும் அடைத்த கண்ணாடி ஜாடிகள். காது அடைத்தது, தலைக்கு மேல் வீடு முனகியது, ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. லோவெல்லின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிறகு திடீரென்று அமைதி.

மேலே வந்தால், எங்கள் கார்மேல் ஒரு மேப்பிள் மரம் படுத்திருந்தது. மின்சாரம் இல்லை. ஆனால் வீடுகள் நின்றன. தெருக்காரர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்ததில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஒருவர் ரம்பத்தால் பாதையை அடைத்த கிளைகளை அறுத்தார். வெர்னாவின் கிணற்றில் கைப்பம்பும் இருந்ததால் தெருவே வாளியோடு வந்தது. பம்பை அடித்தது லோவெல்.

சாயங்காலம் அவள் முற்றத்தில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். லோவெல் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இப்படி எல்லாருக்கும் குடுத்தா உங்களுக்குப் பத்துமா?"

"பீச்சு மட்டுந்தாங்க என்னுது," என்றாள் வெர்னா. "பீன்ஸ் அவங்க வீட்டுது. மான்கறி, அந்தா ரம்பம் வச்சிருக்காரே, அவரோடது. தனியா இருந்தேன்னா பீச்சையே தின்னு தின்னு செத்திருப்பேன்."

லோவெல் வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. நாங்கள் பார்க்க வந்த எதிர்வீட்டின் கிணறு எத்தனை ஆழம், கோடையில் வற்றுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

"வத்துனதே இல்ல. மோட்டார மட்டும் நம்பாதீங்க, கைப்பம்பும் போட்டுக்கங்க."

இருட்டுவதற்குள் டெல்ஃபின் காரோடு வந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளைத் தட்டி, அந்த வீட்டையே வாங்கிவிடுவதாக லோவெல் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் தேவையிருக்கவில்லை. பின்சீட்டில் ஏறியவர், சட்டையில் பீச்சுப் பாகு ஒழுகிய கறையோடு, தெருமுனை தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்.