தள்ளிப் போட்ட கோடுகள்

நில அளவை அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வரைபடக்காரர் மலையை வரைந்துகொண்டிருந்தார். கடலை ஒட்டியே நீளும் மலைத்தொடர் அது. உள்நாட்டுப் பக்கம் சாதுவாக இறங்கும். கடல் பக்கமோ செங்குத்து. கடற்காற்று தள்ளிக்கொண்டு வரும் மேகமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் முட்டிக் கொட்டும். ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுகள் அங்கே தாளில் நெருக்கியடித்துக் கிடந்தன. கோடுகள் நெருங்கினால் சரிவு அதிகம். வீடு கட்ட அனுமதி கிடையாது.

மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தார்.

"கடல் பக்கத்துல நாலஞ்சு கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. மனை போடுறவங்க நமக்கு வேண்டியவங்க. உங்க சொந்த ஊர் மாற்றலை நான் பாத்துக்கறேன்."

பதினோரு வருஷமாகக் குடும்பத்தைப் பிரிந்து ஹோட்டல் சோறு தின்ற மனுஷன். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலை ஆடிவிட்டது. கோடுகளை அழித்துத் தள்ளிப் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார்.

அடுத்த வருஷம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கடலைப் பாத்த மாதிரி வீடு வாங்கிட்டோம்! வரைபடத்துல உன் கையெழுத்து இருந்துச்சா, அப்புறம் யார்கிட்டயும் எதுவும் விசாரிக்கலை."

அவர் கோடுகளைத் தள்ளிப் போட்ட அதே சரிவு. போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் வேலை போகும், மானம் போகும். "நல்லதும்மா, பத்திரமா இருங்க" என்று போனை வைத்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா, பாவி மனுஷன்!

அந்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் கடல் பக்கச் சரிவு வீடுகளோடு வழுக்கி இறங்கியது. தங்கை குடும்பத்தில், வேலைக்குப் போயிருந்த அவள் கணவர் மட்டும் மிஞ்சினார்.

சேற்றுக்கு நடுவே அவர் வரைபடக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். "அக்கம்பக்கத்துல எல்லாரும் கிளம்பிட்டாங்க மச்சான். நானும் போன்ல கெஞ்சினேன். 'எங்க அண்ணன் அளந்த இடம், ஒண்ணும் ஆகாது'ன்னுட்டா."

வரைபடக்காரர் கையை உருவிக்கொண்டு, விசாரிக்க வந்திருந்த அதிகாரியின் எதிரே போய் நின்றார்.

"கோட்டைத் தள்ளிப் போட்டது நான்தான் சார், எழுதிக்குங்க. ஊர் மாற்றலுக்காகப் போட்டேன். காசு வாங்கலையே, இது எப்படி லஞ்சமாகும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். சலுகைக்காகப் போடற பொய்க் கையெழுத்தும் லஞ்சம்தான் சார். அதை நம்பி யாரோ ஒருத்தங்க குடியேறுவாங்க. அந்த யாரோ, என் தங்கச்சியாப் போயிட்டா."