விரல் பதிந்த கல்

வீட்டைக் கும்பிடுவதற்கென்றே கொத்தனாரின் சம்சாரம் முன்னறைச் சுவரில் ஒரு மாடம் வைத்திருந்தாள். அதில் சாமி படம் கிடையாது. அவர்களைக் கடைசியாகத் துரத்திவிட்ட வாடகை வீட்டின் துருப்பிடித்த சாவி, அஸ்திவாரம் தோண்டியபோது முதலில் அள்ளிய மண் ஒரு கண்ணாடிக் குப்பியில், நடுவில் ஒரு செங்கல். கல்யாணத்துக்கு முன் அவள் சூளையில் கல் அறுத்தவள். கூலிக்கு அறுத்த கல்லொன்றில் ஈரம் காய்வதற்குள் நான்கு விரலையும் அழுத்திப் பதித்து, சுட்ட பிறகு மேஸ்திரி கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்துவிட்டாள். வீடு மாறும்போதெல்லாம் துணி மூட்டைக்குள் அந்தக் கல்லும் மாறியது.

"சாமி எல்லார் வீட்லயும் இருக்கு. வெளிய போன்னு சொல்லாத வீடு நமக்கு இப்பத்தான் கிடைச்சிருக்கு. அதுக்கு ஒரு கும்பிடு போடவேணாமா?" என்பாள். மாடத்தை இழைத்துப் பூசிக் கொடுத்தவர் கொத்தனார்தான்.

அன்றைக்கு அவள் அண்ணன் முதன்முதலாக வீடு பார்க்க வருவதாக இருந்தது. 'ஊருக்கெல்லாம் கட்டுறவன் வாடகையில கிடக்கான்' என்று நாலு பேர் முன்னால் சொன்ன அதே மச்சான். கழிப்பறைச் சுவர் மட்டும் பாக்கி. கொத்தனார் விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு கட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு ஓர் அரைக்கல் தேவைப்பட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, அகப்பட்ட கல்லைக் கரண்டியால் தட்டி உடைத்து, ஒரு பாதியைச் சுவரில் வைத்தார். மறுபாதியைக் கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பூச்சும் பூசிவிட்டார்.

"ஏங்க, மாடத்துக் கல்லைக் கழுவி இங்க காயவச்சேனே, எங்க?"

சம்சாரம் கொல்லையில் நின்று கேட்டபோதுதான் கைக்கு நினைவு வந்தது. உடைக்கும்போது விரலுக்கடியில் பள்ளம் பள்ளமாக ஏதோ தட்டுப்பட்டதே. கும்பிடுகிற கல் கக்கூஸ் சுவரில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

"எனக்கென்ன தெரியும்?" என்றார்.

அவளுக்குச் சட்டென்று அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மேல் சந்தேகம் போயிற்று. முந்தின வாரம்தான் அந்தம்மா, "இதுக்குப் போய் விளக்கா? என் மெஷின் ஆடுது, முட்டுக்கு ஆகும், குடுத்துடு" என்று கேலி செய்திருந்தாள். இவள் நேராக அங்கே போய் நின்றாள். கொத்தனார் கலவை அப்பிய கையோடு பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

"அக்கா, எங்க கல்லு இங்க வந்துச்சா?"

"ஏன், கல்லுக்குக் கால் முளைச்சிருச்சா?"

"விளையாடாதீங்க. முட்டுக்கு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கை நின்றது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள் கையைத் தூக்கியபடியே பார்த்தாள்.

"என்னைத் திருடிங்கிறியா?"

இவள் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். முட்டுக்கு மடித்து வைத்த அட்டைதான் இருந்தது. அளவு கொடுக்க வந்தவள் தன் துணியை மெதுவாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கொத்தனார் கையில் அப்பியிருந்த கலவையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மச்சான் குடும்பத்தோடு வந்தார். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தவர் முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "மாப்ள, கக்கூஸைக்கூடக் கோயில் மாதிரி கட்டி வச்சிருக்கீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்சாரம் மட்டும் மாடத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த இடத்துலதான் அண்ணி வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தூக்கிட்டா. கேட்டா, என் மேலேயே பாயுறா."

கொத்தனார் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஈரப் பூச்சு பொத்துப் பொத்தென்று விழுந்தது. "என்ன மாப்ள, பைத்தியமா?" என்று மச்சான் ஓடிவந்தார். சம்சாரமும் வந்தாள். கொத்தனார் அரைக்கல்லைப் பிடுங்கி எடுத்துக் கலவையைத் துடைத்தார். இரண்டு விரல் தடம் இருந்தது.

"மீதி?"

"கோப்பைக்கு அடியில."

வாங்கக் கை நீட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அவங்கள நான் என்ன கேள்வி கேட்டேன். நீங்க பார்த்துட்டுத்தானே நின்னீங்க?"

கொத்தனார் கல்லை இன்னொரு தரம் துடைத்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லவேணாம். அங்க போய்ச் சொல்லுங்க."

தையல்காரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். மெஷினிலிருந்து நிமிரவில்லை. "கொத்தனாரே, இதை எங்கிட்ட சொல்லி என்ன? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? துணியை எடுத்துட்டுப் போனாளே, அவ இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பா. அவகிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்க்கா."

"எப்ப?"

"இப்பவே போறேன். எந்த வீடு?"

"தண்ணித் தொட்டியத் தாண்டி பச்சைக் கதவு. நிறைய பேர் உட்கார்ந்திருப்பாங்க. எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லணும்."

அவர் தெருவில் இறங்கினார். கல்லைக் கீழே வைக்க மறந்திருந்தார். பார்த்தவர்கள் ஏதோ வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். "என்ன கொத்தனாரே, யார் வீட்ல சுவர்?" என்று ஒருவர் கேட்கவும் செய்தார்.